முகச் சுருக்கமும் விஷ ஊசியும்

சென்னைக்குத் தெற்கே திருவான்மியூரைத் தாண்டி, கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை என்று கடலை ஒட்டிச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகின்றவர்கள், சமீப காலமாய் அங்கு ஒருவித விளம்பரப் பலகைகள் பெருகி வருவதைப் பார்த்திருக்கலாம். பல் வைத்தியம், கண் வைத்தியம், பிரசவ வைத்தியம் என்கின்ற பலகைகளைப் பற்றி நமக்கு யாதொரு ஆட்சேபணையும் கிடையாது. மனிதனுக்கு நோய் வருகின்றது, வைத்தியன் வேண்டியிருக்கின்றது. ஆனால் நோயே இல்லாதவர்களைக் கூப்பிட்டு, உன் நெற்றியிலே கோடு விழுந்துவிட்டது, உன் கண்ணோரத்திலே சுருக்கம் வந்துவிட்டது, ஓர் ஊசி போட்டுக்கொண்டால் பத்து வயது குறைந்து போகும் என்று ஆசை காட்டும் பலகைகளைப் பற்றித்தான் சில வார்த்தைகள் எழுத வேண்டியிருக்கின்றது.

பாலவாக்கம் 2011-ம் வருஷத்தில்தான் சென்னை மாநகராட்சியோடு சேர்க்கப்பட்ட ஊர். சாலைக்குக் கிழக்கே கடலோரத்தில் மீனவர் குப்பம் இருக்கின்றது. சாலையோரத்தில் பெரிய கட்டிடங்களும் பங்களாக்களும் இருக்கின்றன. குப்பத்துத் தாய்மார்கள் வெயிலிலும் உப்புக் காற்றிலும் நின்று மீன் விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றுகின்றார்கள். அவர்களுடைய முகத்தில் கோடுகள் இருக்கின்றன. அக்கோடுகளால் அவர்களுடைய மீன் விலை குறைந்துவிடவில்லை. கணக்கில் அவர்களை ஏமாற்றவும் யாராலும் முடிவதில்லை. அதே ஊரில் நூறு கஜ தூரத்தில், குளிர்ந்த அறையில் உட்கார்ந்து வேலை செய்கின்ற, வெயிலே படாத ஒரு பெண்ணுக்குத் தன் நெற்றிக் கோட்டை நினைத்துத் தூக்கம் வருவதில்லை என்றால், இந்தக் கவலை அவளுடைய தோலிலிருந்து பிறந்ததா, அல்லது யாரோ ஒருவர் அவளுடைய மூளைக்குள் கொண்டுபோய் வைத்ததா என்பதை வாசகர்கள் யோசித்துப் பார்க்க வேண்டும்.

சுருக்கம் என்பது என்ன? தோலுக்கு உறுதி கொடுக்கின்ற கொல்லாஜன் என்னும் நார்ப்பொருள் வயது ஏற ஏறக் குறைகின்றது. வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர் அதை இன்னும் சீக்கிரமாய்க் கெடுக்கின்றது. பீடியும் சிகரெட்டும் அவ்வேலையைத் துரிதப்படுத்துகின்றன. இவைகளோடு, நாம் சிரிப்பதாலும், முகம் சுளிப்பதாலும், புருவத்தை நெரிப்பதாலும் தசை இழுக்கின்ற இடத்திலெல்லாம் தோல் மடிந்து மடிந்து கோடு பதிகின்றது. இதில் தலைவிதியும் இல்லை, பாவ புண்ணியமும் இல்லை. நோயும் இல்லை. ஒருவன் உயிரோடிருந்தான், உழைத்தான், சிரித்தான், கோபித்தான் என்பதற்கு மேல் அந்தக் கோட்டில் எழுதியிருப்பது ஒன்றும் கிடையாது.

இனி அந்த ஊசியில் இருப்பது என்ன என்று பார்ப்போம். போட்டாக்ஸ் என்று ஜனங்கள் பொதுவாய்ச் சொல்லுவது ஒரு கம்பெனியின் வியாபாரப் பெயர். உள்ளே இருக்கும் சரக்கு, பொட்டுலினம் என்னும் விஷம். கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்கின்ற ஒரு கிருமி, காற்றுப் புகாத இடத்தில், சரியாய்ப் பதப்படுத்தாத மாமிசத்திலும் டப்பாவில் அடைத்த உணவிலும் வளர்ந்து இவ்விஷத்தை உண்டாக்குகின்றது. இதுவரை மனிதன் அறிந்த விஷங்களில் இதைவிடக் கடுமையானது இல்லையென்று விஞ்ஞானிகள் கருதுகின்றார்கள். ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்காக்கி, அதில் ஒரு பங்குக்கும் குறைவாக இரத்தத்தில் சேர்ந்தால்கூட ஒரு மனிதனைக் கொல்லப் போதுமென்று கணக்கிட்டிருக்கின்றார்கள். தசையை அசையச் சொல்லி நரம்பு அனுப்புகின்ற அசிட்டைல்கோலின் என்னும் பொருள் வெளிவராதபடி இவ்விஷம் வாசலை அடைத்துவிடுகின்றது. கட்டளை வராததால் தசை படுத்துவிடுகின்றது. நெற்றித் தசை படுத்துவிட்டால் நெற்றியில் கோடு விழாது. இதுதான் அந்த வாலிபத்தின் இரகசியம்! வயது குறைவதுமில்லை, தோல் புதிதாவதுமில்லை. தசைக்கு வாதம் வரச் செய்கின்றார்கள், அவ்வளவே. அதுவும் மூன்று நான்கு மாதத்தில் தீர்ந்துபோகும். பிறகு மறுபடியும் ஊசி, மறுபடியும் பணம்.

விஷமே மருந்தான விதம்

இப்படிச் சொல்லுவதால், நாம் இம்மருந்தையே வெறுக்கின்றோம் என்று யாரும் கருதிவிடக் கூடாது. இதன் சரித்திரம் பகுத்தறிவுக்காரர்கள் பெருமைப்படத்தக்க சரித்திரமே ஆகும். ஜெர்மனி தேசத்தில் கெட்டுப்போன மாமிசப் பண்டத்தைத் தின்று ஜனங்கள் செத்துக்கொண்டிருந்த காலத்தில், ஜஸ்டினஸ் கெர்னர் என்னும் வைத்தியர் அதைத் தெய்வக் குற்றம் என்று விட்டுவிடாமல், நோயாளிகளை ஒவ்வொருவராய்ப் பரிசோதித்து, தம் உடம்பிலேயே அவ்விஷத்தைச் சோதித்துப் பார்த்து, 1820-லும் 1822-லும் புத்தகங்களாய் எழுதி வைத்தார். இவ்விஷம் ஒரு காலத்தில் மருந்தாகலாம் என்றும் அவர் அப்போதே ஊகித்தார். 1895-ல் பெல்ஜியம் தேசத்தில் ஒரு சாவு வீட்டு விருந்தில் பன்றி மாமிசம் தின்றவர்கள் விழுந்தபோது, வான் எர்மெங்கம் என்பவர் அதற்குக் காரணமான கிருமியைக் கண்டுபிடித்தார். 1970-களில் அமெரிக்காவில் ஆலன் ஸ்காட் என்னும் கண் வைத்தியர், மாறுகண்ணைக் கத்தியில்லாமல் சரிப்படுத்த இதைப் பழக்கத்திற்குக் கொண்டுவர முயன்றார். 1989-ல் அந்நாட்டு மருந்து இலாகா மாறுகண்ணுக்கும், கண் இமை தானாக மூடிக்கொள்ளும் நோய்க்கும் இதை அனுமதித்தது.

இன்று பக்கவாதத்தால் கை முறுக்கிக்கொண்டவர்களுக்கும், மூளைவாதத்தால் கால் விறைத்துப்போன குழந்தைகளுக்கும், கழுத்து ஒரு பக்கமாய்த் திருகிக்கொண்டவர்களுக்கும், தீராத ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கும் இம்மருந்து பயன்படுகின்றது. நடக்க முடியாத குழந்தை நடப்பதற்கு உதவுகின்ற ஒரு பொருளை விஷம் என்று சொல்லி ஒதுக்குபவன் மூடனே ஆவான். மந்திரித்துத் தாயத்துக் கட்டியதால் எந்தக் குழந்தையின் காலும் நிமிர்ந்ததில்லை.

அழகு வியாபாரம் இதில் நுழைந்தது பிறகுதான். கனடா தேசத்து வான்கூவர் நகரில் ஜீன் கரூதர்ஸ் என்னும் கண் வைத்தியர் அம்மையார், இமை நோய்க்காக இவ்வூசியைப் போட்டபோது, நோயாளியின் புருவ மத்தியிலிருந்த கோடு மறைந்ததை 1987-ல் கவனித்தார். அவரும், தோல் வைத்தியரான அவர் கணவரும் சேர்ந்து 1992-ல் அதைப் பிரசுரித்தார்கள். 2002-ல் அமெரிக்க மருந்து இலாகா புருவக் கோட்டுக்கும் அனுமதி கொடுத்தது. அதன் பின்னர்தான் கண் வைத்தியசாலையிலிருந்த மருந்து கல்யாண அலங்காரக் கடைவரை வந்து சேர்ந்தது. அதே இலாகா 2009-ல், இவ்விஷம் ஊசி போட்ட இடத்திலிருந்து உடம்பின் மற்றப் பாகங்களுக்கும் பரவக்கூடும், விழுங்கவும் மூச்சுவிடவும் முடியாமல் போகக்கூடும் என்று மருந்துச் சீட்டில் கட்டம் கட்டி அச்சிட வேண்டுமென உத்தரவிட்டது. முதற் சங்கதியைப் பலகையில் எழுதுகின்றவர்கள் இரண்டாவது சங்கதியை எங்கும் எழுதுவதில்லை.

என்னென்ன கெடுதி நேரக்கூடும்?

தேர்ந்த வைத்தியர், உண்மையான மருந்தை, சரியான அளவில் போட்டாலும்கூட, போட்ட இடத்தில் வலி, வீக்கம், இரத்தம் கட்டுதல், தலைவலி ஆகியவை சிலருக்கு வருகின்றன. இவை சில நாளில் போய்விடும். விஷம் பக்கத்துத் தசைக்குப் பரவினால் கண் இமை தொங்கிப்போகும். ஒரு புருவம் மேலேயும் ஒரு புருவம் கீழேயும் நிற்கும். வாயோரத்தில் போட்டால் சிரிப்பு கோணிப்போகும். கண் சரியாய் மூடாமல் வறண்டுபோகலாம். ஒரு பொருள் இரண்டாய்த் தெரியலாம். இவை பெரும்பாலும் வாரக் கணக்கில் இருந்து தாமாகவே சரியாகும். ஆனால் கல்யாணத்திற்கு நான்கு நாள் முன்பு ஊசி போட்டுக்கொண்டு, இமை தொங்கிய கண்ணோடு மணப்பந்தலில் உட்காரும்போது, தானாகவே சரியாகும் என்பது எவ்வளவு ஆறுதலாயிருக்கும்?

மிகவும் பயப்படத்தக்கது, விஷம் தூரத்திலுள்ள தசைகளுக்குப் போவதாகும். அப்போது குரல் கம்மும், பேச்சு குழறும், சோறு தொண்டையில் இறங்காது, கை கால் சோரும், மூச்சு முட்டும். இவை சில மணி நேரத்திலும் வரலாம், சில வாரங்கள் கழித்தும் வரலாம். விஷமுறிவு மருந்து ஒன்று உண்டு. ஆனால் அது இரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் விஷத்தைத்தான் தடுக்கும். நரம்பில் ஏற்கனவே ஒட்டிக்கொண்டதைத் திரும்ப எடுக்காது. நரம்பு தானே சரியாகும் வரையில் நோயாளியை மூச்சுக் கருவியில் வைத்துக் காப்பாற்ற வேண்டியதுதான்.

மயஸ்தீனியா முதலிய நரம்பு-தசை நோய் உள்ளவர்களுக்குச் சிறு அளவுகூட ஆபத்தாகலாம். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் அழகுக்காக இதைப் போட்டுக்கொள்ளக் கூடாதென்றே வைத்தியர்கள் சொல்லுகின்றார்கள். ஜென்டாமைசின் போன்ற சில மருந்துகளோடு சேர்ந்தால் இதன் வேகம் அதிகப்படும். அடிக்கடி, அதிகமாய்ப் போட்டுக்கொள்ளுகின்ற சிலருடைய உடம்பு இம்மருந்தையே எதிர்க்கப் பழகிக்கொள்ளுகின்றது. அப்படிப்பட்டவருக்கு நாளைக்குப் பக்கவாதம் வந்து உண்மையாகவே இம்மருந்து வேண்டியிருந்தால் அது பலிக்காமல் போகலாம். நெற்றிக் கோட்டுக்காகக் கையை இழப்பது என்றால் இதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஃபில்லர் என்று சொல்லி, பள்ளத்தை நிரப்புவதற்காகப் போடும் ஊசி வேறு, இது வேறு. அதை அறியாதவன் போட்டு, மருந்து இரத்தக் குழாயில் புகுந்து அடைத்துக்கொண்டால் தோல் அழுகுவதுண்டு, கண் பார்வையே போவதும் உண்டு. இரண்டையும் ஒன்றென்று நினைத்துப் போகின்றவர்கள் அநேகர்.

நடந்த சங்கதிகள்

இவையெல்லாம் வெறும் பூச்சாண்டி என்று சொல்லுகின்றவர்களுக்காகச் சில சங்கதிகளைத் தேதியோடு சொல்லுகின்றோம். 2004 நவம்பரில் அமெரிக்காவில் ஃபிளாரிடா மாகாணத்தில், உத்தரவு நிறுத்தி வைக்கப்பட்டிருந்த ஒரு வைத்தியர், மனிதருக்குப் போடக்கூடாத ஆராய்ச்சிசாலை விஷத்தை மலிவாய் வாங்கி, தனக்கும் மற்றும் மூன்று பேருக்கும் போட்டார். நான்கு பேரும் உடம்பு அசைவற்று, மூச்சுக் கருவியில் கிடந்தார்கள். 2023-ல் துருக்கி தேசத்தில், உடம்பு இளைப்பதற்காக வயிற்றிலே இவ்வூசியைப் போட்டுக்கொண்டவர்களில் 67 பேருக்கு விஷம் ஏறியதாக ஐரோப்பிய நோய்த் தடுப்பு நிலையம் அறிவித்தது. அவர்களில் பலர் ஜெர்மனியிலிருந்து போனவர்கள். 2024-ல் அமெரிக்காவில் 11 ராஜ்யங்களில் 22 பேர், கள்ள மருந்தாலும், பயிற்சியில்லாதவர்களிடமும் வீடுகளிலும் போட்டுக்கொண்ட ஊசியாலும் கெடுதி அடைந்தார்கள். அவர்களில் 11 பேர் ஆஸ்பத்திரியில் படுத்தார்கள். 2025-ல் ஜூன் 4 முதல் ஜூலை 14 வரையில், நாற்பதே நாட்களில், இங்கிலாந்தில் மட்டும் 38 பேருக்கு அழகு ஊசியால் விஷம் ஏறிற்று. சட்டமும், சோதனை அதிகாரிகளும், படித்த ஜனங்களும் நிறைந்த தேசங்களிலேயே இந்தக் கதி என்றால், நம்முடைய சந்து பொந்துகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

நமது சென்னைக்கு இப்பாடம் வேறொரு வழியில் 2016-லேயே கிடைத்தது. வைத்தியப் படிப்பே படித்த ஓர் இளைஞர், தலையில் முடி நட்டுக்கொள்ளப் போய், மயக்க மருந்துக்குப் பின் உடல்நிலை கெட்டு மாண்டுபோனார். வைத்தியம் அறிந்தவருக்கே வழுக்கைத் தலை அவ்வளவு பெரிய வெட்கமாய்த் தோன்றியிருக்கின்றது என்றால், அவ்வெட்கத்தை அவருக்குக் கற்றுக்கொடுத்தது யார் என்று இந்தச் சமூகம் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டாமா? அதன் பிறகு 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம், இப்படிப்பட்ட அழகுச் சிகிச்சைகளைப் பயிற்சி பெற்ற வைத்தியர்களே செய்ய வேண்டுமென்றும், பட்டறையில் வேடிக்கை பார்த்ததும் யூடியூப் படம் பார்த்ததும் பயிற்சி ஆகாதென்றும் எழுத வேண்டியிருந்தது. இல்லாத வியாதிக்கு யாரும் மருந்து எழுதுவதில்லை. படம் பார்த்துவிட்டுக் கத்தி எடுக்கின்றவர்கள் இருந்ததனால்தான் அப்படி எழுத நேரிட்டது.

கேள்வி கேளாத பக்தி

இங்கேதான் நமது முக்கியமான அபிப்பிராயம் வருகின்றது. பாலவாக்கத்துக்கு வடக்கே கூப்பிடு தூரத்தில் திருவான்மியூரில் ஒரு பெரிய கோவில் இருக்கின்றது. அங்குள்ள சாமிக்கு மருந்தீஸ்வரர் என்று பெயர். அகஸ்தியருக்கே வைத்தியம் சொல்லிக்கொடுத்தவர் என்று ஸ்தல புராணம் எழுதி வைத்திருக்கின்றார்கள். மருந்துக்கே ஈஸ்வரன் பக்கத்தில் இருக்கும்போது இத்தனை ஆஸ்பத்திரி எதற்கு என்று எந்தப் பக்தனும் கேட்பதில்லை. கும்பிடுவதை அங்கே கும்பிட்டுவிட்டு, காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் போகின்றான். அந்த மட்டில் அவன் கெட்டிக்காரன்தான். ஆனால் கோவிலில் எப்படிக் கேள்வி கேட்காமல் கையைக் கட்டிக்கொண்டு நிற்கப் பழகினானோ, அதே பழக்கத்தை ஊசிக் கடைக்கும் கொண்டுபோகின்றானே, அதுதான் ஆபத்து. அர்ச்சகர் சொல்லும் மந்திரத்துக்கு அர்த்தம் கேட்டதில்லை. ஆகையால் அழகுக்காரர் போடும் மருந்தின் பெயரும் கேட்பதில்லை. தட்டில் போட்ட பணம் எங்கே போயிற்று என்று கேட்டதில்லை. ஆகையால் குப்பியில் என்ன இருந்தது, எவ்வளவு உப்புநீர் கலந்தார்கள் என்றும் கேட்பதில்லை. வெள்ளை அங்கி போட்டவரெல்லாம் வைத்தியர் என்று நம்புவது, பூணூல் போட்டவரெல்லாம் மேலானவர் என்று நம்பியதன் மறு பிறப்பேயாகும்.

சிலர் நம்மைப் பார்த்து, நீங்கள் விஞ்ஞானத்தை ஆதரிக்கின்றவர்களாயிற்றே, விஞ்ஞானம் கொடுத்த ஊசியை எப்படிக் கண்டிக்கலாம் என்று கேட்பார்கள். விஞ்ஞானம் என்பது ஊசியின் பெயரல்ல, சோதித்துப் பார்த்து, நன்மை இவ்வளவு, தீமை இவ்வளவு என்று ஒளிக்காமல் சொல்லும் முறைக்குப் பெயர். கெர்னர் என்பவர் விஷத்தின் கெடுதியை முதலில் எழுதிவிட்டுப் பிறகு அதன் உபயோகத்தை எழுதினார். பலகை வியாபாரி கெடுதியை மறைத்து உபயோகத்தை மட்டும் எழுதுகின்றான். அவன் கையில் விஞ்ஞானம் இருப்பதாகச் சொல்லுவது, ஆகாய விமானத்தில் ஏறிக் காசிக்குப் போகின்றவனைப் பகுத்தறிவுவாதி என்று சொல்லுவது போலாகும். தாயத்து, மந்திரம், கவசம் ஆகியவற்றை மருந்து என்று விளம்பரம் செய்யக்கூடாதென்று 1954-ம் வருஷத்திலேயே இந்நாட்டில் சட்டம் செய்தார்கள். பழைய தாயத்து கயிற்றில் தொங்கிற்று. அதனால் வயிற்றுக்குக் கெடுதி இல்லை, பணத்துக்குத்தான் கெடுதி. இந்தப் புதிய தாயத்து தோலுக்குள்ளேயே போகின்றது.

மற்றும் சிலர், பெண்களுக்குச் சுதந்தரம் வேண்டுமென்று நீங்கள்தானே சொன்னீர்கள், தன் முகத்தில் தான் ஊசி போட்டுக்கொள்ளுவதை நீங்கள் தடுக்கலாமா என்பார்கள். நாம் தடுக்கவில்லை. வயது வந்த எந்தப் பெண்ணும் ஆணும் தங்கள் உடம்பைத் தாங்களே ஆளும் உரிமை உடையவர்கள். ஆனால் ஒரு காரியத்தைச் செய்யாவிட்டால் மதிப்புப் போகும், வேலை போகும், கணவன் மனம் மாறும் என்று நாற்புறமும் பயமுறுத்திவிட்டு, பிறகு அதை அவள் இஷ்டம் என்று சொல்லுவது எந்த விதமான சுதந்தரம்? தாலியும் ஒரு காலத்தில் அவள் இஷ்டம் என்றுதான் சொன்னார்கள். விதவை தலையை மழித்துக்கொண்டதும் அவள் இஷ்டம் என்றுதான் சொன்னார்கள். பாலவாக்கத்திலிருந்து ஒரு மணி நேரப் பிரயாணத்தில் உள்ள செங்கல்பட்டில் 1929 பிப்ரவரியில் கூடிய முதலாவது சுயமரியாதை மாகாண மகாநாடு, பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும், பிடிக்காத கல்யாணத்தை விட்டு நீங்க உரிமை வேண்டும் என்று தீர்மானித்தது. பெண் தன் காலில் நிற்க வேண்டும் என்பது அதன் உத்தேசம். தன் முகத்தைப் பார்த்துத் தானே பயப்படுகின்றவள் எப்படித் தன் காலில் நிற்பாள்?

சினிமாவைப் பாருங்கள். அறுபது வயது கதாநாயகனுக்கு இருபத்தைந்து வயது கதாநாயகி. அவனுடைய நரைக்குக் கம்பீரம் என்று பெயர், அவளுடைய கோட்டுக்குக் கிழடு என்று பெயர். சட்டசபையில் உட்கார்ந்திருக்கும் ஆணின் சுருக்கத்துக்கு அனுபவம் என்று பெயர், அடுப்படியில் நிற்கும் பெண்ணின் சுருக்கத்துக்குக் குறை என்று பெயர். பெண் பார்க்க வருகின்றவன் தன் வழுக்கையைத் தடவிக்கொண்டே பெண்ணின் நிறத்தைப் பற்றி விசாரிக்கின்றான். இப்போது அவனையும் விட்டுவைக்கவில்லை, அவன் தலைக்கும் முகத்துக்கும்கூட ஊசி வந்துவிட்டது. வியாபாரிக்கு ஆணும் பெண்ணும் சமம். இந்தச் சமத்துவத்தையா நாம் கேட்டோம்?

அவ்வையைப் பற்றி நாட்டில் ஒரு கதை உண்டு. வீட்டார் கல்யாணத்துக்கு வற்புறுத்தியபோது, அவள் பிள்ளையாரைக் கேட்டுக் கிழ வடிவம் வாங்கிக்கொண்டாளாம். பிள்ளையார் கொடுத்தார் என்பது பொய். ஆனால் அப்பொய்க்குள் ஒரு மெய் ஒளிந்திருக்கின்றது. இந்நாட்டில் ஒரு பெண் ஊர் சுற்றவும், அரசனிடம் நேருக்கு நேர் பேசவும், பாட்டுப் பாடவும் வேண்டுமானால், அவள் கிழவியாக வேண்டியிருந்தது என்பதை அக்கதை கட்டியவர்களே ஒப்புக்கொள்ளுகின்றார்கள். 1968-ல் உலகத் தமிழ் மாநாட்டின்போது சென்னைக் கடற்கரையில் அவ்வைக்குச் சிலை வைத்தார்கள். கோலூன்றிய கிழவியாகத்தான் வைத்தார்கள். முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், ஆதரவற்ற பெண்களுக்காக ஏற்படுத்தி அடையாற்றில் இன்றும் நடக்கின்ற இல்லத்துக்கும் அவ்வையின் பெயரையே வைத்தார். பெரியார் தமது 94-ம் வயதில் 1973-ல் மறைகின்ற வரையில் ஊர் ஊராய்ப் போய்ப் பேசினார். அவர் முகத்திலே எத்தனை சுருக்கம் என்று எண்ணிக்கொண்டிருந்ததால் யாரும் அவர் பேச்சைக் கேட்காமல் போகவில்லை. சுருக்கமே விழாத முகம் வேண்டுமானால் அது கர்ப்பக்கிரகத்திலிருக்கும் கருங்கல்லுக்குத்தான் உண்டு. அது சிரிப்பதுமில்லை, அழுவதுமில்லை, யாருடைய கஷ்டத்தைக் கேட்டும் புருவத்தை நெரிப்பதுமில்லை.

செய்ய வேண்டியது

இவ்வளவு சொல்லியும் ஊசி போட்டுக்கொள்ளத்தான் போகின்றோம் என்பவர்கள், தயவுசெய்து கேள்வி கேட்டுவிட்டுப் போங்கள். போடுகின்றவர் தோல் வைத்தியத்திலோ, பிளாஸ்டிக் சர்ஜரியிலோ பட்டம் பெற்றவரா, அவர் பெயர் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் பதிவில் இருக்கின்றதா என்று பாருங்கள். அந்த இடம் தமிழ்நாட்டின் 1997-ம் வருஷத்து வைத்தியசாலைச் சட்டப்படி பதிவு செய்யப்பட்டதா என்று கேளுங்கள். சீல் உடைக்காத குப்பியை உங்கள் கண் முன்னால் உடைக்கச் சொல்லுங்கள். மருந்தின் பெயர், தயாரித்த கம்பெனி, பாட்ச் நம்பர், கெடு தேதி ஆகியவைகளை எழுதி வாங்குங்கள். ஒரு கம்பெனியின் ஒரு யூனிட்டும் மற்றொரு கம்பெனியின் ஒரு யூனிட்டும் சமமல்ல, ஆகையால் எத்தனை யூனிட் என்பதோடு எந்த மருந்து என்பதும் எழுதப்பட வேண்டும். இரண்டு முதல் எட்டு டிகிரி குளிரில் இம்மருந்தை வைத்திருக்க வேண்டும். பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து போடுகின்றேன் என்று சொல்லுகின்றவரையும், பத்துப் பேர் சேர்ந்தால் பாதி விலை என்று சொல்லுகின்றவரையும் வாசலிலேயே நிறுத்துங்கள். முகத்துக்கு மஸாஜ் செய்கின்ற கடையில் இதைப் போட்டுக்கொண்டு, உடனே மஸாஜும் செய்துகொள்ளாதீர்கள். தேய்த்தால் விஷம் பரவும். உங்களுக்குள்ள நோய்களையும், நீங்கள் சாப்பிடும் மருந்துகளையும், கர்ப்பத்தையும் மறைக்காதீர்கள்.

ஊசி போட்ட பிறகு இமை தொங்கினாலும், இரண்டாய்த் தெரிந்தாலும், பேச்சு குழறினாலும், விழுங்க முடியாவிட்டாலும், மூச்சு முட்டினாலும், ஊசிக் கடைக்குப் போன் செய்து சமாதானம் கேட்டுக்கொண்டிராமல், 108-க்குச் சொல்லிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இன்ன ஊசி, இன்ன தேதியில் போட்டது என்பதை வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். பக்கவாதமோ, வேறெதுவோ என்று அவர் தேடிக்கொண்டிருக்கும் நேரத்தில் உயிர் போய்விடலாம். மருந்தினால் வந்த கெடுதியை இந்திய அரசாங்கத்தின் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கு 1800 180 3024 என்ற எண்ணில் யார் வேண்டுமானாலும் கட்டணமில்லாமல் தெரிவிக்கலாம். நாலு பேர் சிரிப்பார்களே என்று மறைக்கின்ற ஒவ்வொருவரும், அடுத்தவரை அதே நாற்காலியில் உட்காரவைக்கின்றார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

சர்க்காருக்கும் ஒரு வார்த்தை. அழகுக்காகச் செய்யும் அறுவையும் முடி நடுதலும் வைத்தியம் ஆகாது என்று 2017-ல் ஜி.எஸ்.டி. வரி போடும்போது கண்டுபிடித்து, பிறவிக் குறைக்கும் காயத்துக்கும் செய்வதை மட்டும் வரியில்லாமல் விட்டார்கள். வரி வாங்கும்போது தெரிந்த வித்தியாசம், சோதனை செய்யும்போதும் தெரிய வேண்டாமா? வரி வசூலிக்க எத்தனை முறை கணக்குப் புஸ்தகத்தைப் பார்க்கின்றார்களோ, அத்தனை முறை அக்கடைகளின் குளிர்ப்பெட்டியையும், ஊசி போடுகின்றவரின் சர்டிபிகேட்டையும் பார்த்தால் போதும், பாதிப் பலகைகள் தாமாகவே இறங்கிவிடும்.

இளமையாயிருக்க உண்மையில் வழி வேண்டுமென்பவர்களுக்கு மலிவான வழிகள் இருக்கின்றன. உச்சி வெயிலில் குடை பிடியுங்கள், பீடி சிகரெட்டை விடுங்கள், வயிறாரச் சத்துள்ள உணவு உண்ணுங்கள், இரவில் தூங்குங்கள். வெயிலில் நின்று உழைக்கின்ற குப்பத்துத் தாய்மாருக்கு மீன் விற்க நிழல் கட்டிக்கொடுங்கள் என்று மாநகராட்சியைக் கேளுங்கள். ஊசி வியாபாரிக்கு இவைகளில் ஒரு காசும் கிடைக்காது. ஆகையால் இவைகளுக்குப் பலகை இருக்காது.

சாதியினால் ஒருவன் தாழ்ந்தவன் என்று சொன்னபோது, அவனுடைய வெட்கத்தைப் போக்க அவன் உடம்பில் எதையும் மாற்றச் சொல்லவில்லை நமது இயக்கம். வெட்கம் அவனுடையதல்ல, அவனைத் தாழ்த்தியவனுடையது என்றுதான் சொல்லிற்று. வயதைப் பற்றியும் நாம் சொல்லுவது அதுவேதான். தோழர்களே! உங்கள் வீட்டுப் பெண்ணின் முகத்தைப் பார்த்து, கிழவியாகிவிட்டாய் என்று விளையாட்டுக்குக்கூடச் சொல்லாதீர்கள். அந்த ஒரு வார்த்தையைக் காசாக்குவதற்காகத்தான் அந்தப் பலகைகள் காத்துக்கொண்டிருக்கின்றன.